ட்ரிகர் பிரேம் கேள்விகள்: கல்லடிப் பட்டறையிலிருந்து பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் என் பட்டறைக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அரிசி ஆலைத் தண்டுகளும் வள்ள எஞ்சின் சாமான்களும்தான். அதற்கு முன் பதினொரு வருடம் ரொறன்ரோ பக்கம் ஒரு பட்டறையில் உலோகம் வெட்டும் மிலிங் மெஷினில் நின்றேன். அங்கே இருக்கிற என் மச்சானுக்குப் பெயின்ட்போல் பைத்தியம், ஒருவரை ஒருவர் சாயக்குண்டால் சுடுகிற விளையாட்டு. அந்தக் குண்டைச் சுடும் கருவிதான் மார்க்கர். அவனுடைய மார்க்கருக்கு நான் செய்து கொடுத்த ட்ரிகர் பிரேமின், அதாவது ட்ரிகரையும் கைப்பிடியையும் தாங்கும் சட்டத்தின், படத்தைப் போன கிழமை போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மார்க்கரும் பிரேமும் கனடாவில்தான் இருக்கின்றன, என்னிடம் இருப்பது வரைபடம் மட்டும். துப்பாக்கி போலத் தோன்றும் எதையும் இந்த ஊர்ப் பட்டறை மேசையில் நான் வைப்பதில்லை. ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காத்தான்குடியிலிருந்து: நானா, அதை ஏன் துப்பாக்கி என்று சொல்லாமல் மார்க்கர் என்கிறார்கள்?

வெட்டவேண்டிய மரங்களுக்கும் பிரிக்கவேண்டிய மாடுகளுக்கும் தூரத்தில் நின்று சாயக்குறி போடத்தான் அமெரிக்காவில் இந்தக் கருவி முதலில் வந்தது. குறி போடுவதால் மார்க்கர். 1981இல் நியூ ஹாம்ப்ஷயரில் சில நண்பர்கள் அதை வைத்துக் காட்டுக்குள் ஆடிய ஆட்டம்தான் விளையாட்டின் தொடக்கம். குண்டு 0.68 அங்குலம், ஜெலற்றின் கோதுக்குள் சாயம். மைதானங்களில் பொதுவாக வினாடிக்கு 300 அடிக்கு மேல் வேகம் விடமாட்டார்கள், அதாவது ஏறக்குறைய 91 மீற்றர். அந்த வேகத்தில் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதற்கென்று செய்த முகமூடி இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

செங்கலடியிலிருந்து: அண்ணன், ஒன்று என்ன விலை?

விற்பதற்கு இல்லை தம்பி.

ஒலுவிலிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: சேர், ட்ரிகர் இழுக்கும் தூரத்தைக் குறைத்தால் ஏன் இழுவை கனக்கிறது? வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

தங்கச்சி, இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் மினுக்குகிற வேலை.

மச்சானுடையது ஸ்பைடர் வகை மார்க்கர். உள்ளே சுருள்வில்லால் முன்னே தள்ளப்படும் ஒரு சுத்தியல் இருக்கிறது. அதைப் பின்னே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன உருக்குக் கொக்கி, சியர் என்பார்கள். ட்ரிகரை இழுத்தால் கொக்கி தாழும், சுத்தியல் பாய்ந்து வால்வை அடிக்கும், போத்தலில் அடைத்த வாயு பாய்ந்து குண்டைத் தள்ளும். கொக்கிக்கும் ட்ரிகருக்கும் ஆளுக்கொரு பின், அதாவது அவை சுழல்வதற்கான சின்ன ஊசித் தண்டு. இரண்டையும் தாங்குவது பிரேம்.

உங்கள் வீட்டுப் பக்கம் பழைய கிணற்றுத் துலா பார்த்திருப்பீர்கள். ட்ரிகர் அதே துலாதான். என் வரைபடத்தில் பின்னிலிருந்து விரல் படும் இடம் 25 மில்லிமீற்றர், கொக்கியைத் தொடும் இடம் 5 மில்லிமீற்றர். ஐந்துக்கு ஒன்று. கொக்கி சுத்தியலைப் பிடித்திருக்கும் பிடி 0.8 மில்லிமீற்றர். பிடி விட அது அவ்வளவு தாழ வேண்டுமென்றால் விரல் 4 மில்லிமீற்றர் போக வேண்டும். கொக்கிக்கு 5 கிலோ அழுத்தம் தேவையென்றால் விரலுக்கு 1 கிலோ போதும். விரல் 2 மில்லிமீற்றர்தான் போகவேண்டும் என்று நீங்கள் பின்னை நகர்த்தினால் இழுவை 2 கிலோ ஆகிவிடும். தூரத்தில் மிச்சம் பிடித்ததைக் கனத்தில் கட்டவேண்டும். சும்மா கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: கொக்கியைத் தொடும் முன்னும், அது விட்ட பின்னும் ட்ரிகர் வீணாக ஆடும் தூரம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சின்னத் திருகாணி வைத்தால் அந்த வீண் ஆட்டத்தை எடுத்துவிடலாம்.

ஆகவே தொடங்கும் இடம், பழைய பிரேமின் மேல்முகம். அதுதான் மார்க்கரின் உடலோடு ஒட்டுவது. அந்த முகத்திலிருந்தும் முன் திருகாணித் துளையின் மையத்திலிருந்தும் இரண்டு பின் துளைகளுக்கும் அளவு எடுங்கள். ஒரு தரம் எடுத்தால் போதாது, மூன்று தரம் எடுங்கள். பின் துளை 0.2 மில்லிமீற்றர் தாழ்ந்தால் கொக்கியின் பிடியில் கால்வாசி போய்விடும். கைப்பிடியின் வளைவு, விரல் பள்ளம், பெயர் வெட்டுவது எல்லாம் பிறகு. கைப்பிடித் தகடுக்காக மண்டையை உடைக்கவும் வேண்டாம். பல பிரேம்கள் எம்1911 கைத்துப்பாக்கியின் தகடு பொருந்துகிற மாதிரித்தான் வருகின்றன. இரண்டு திருகாணிக்கும் இடையே 78 மில்லிமீற்றர் விட்டால் கடைத் தகடே பொருந்தும்.

இன்னொன்று. இங்கே நாம் படித்தது முதற்கோண முறை வரைபடம், வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வரைவது. வட அமெரிக்காவில் மூன்றாங்கோண முறை, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே. போன புதிதில் ஒரு வரைபடத்தை இங்கத்தைய கண்ணால் வாசித்து, இடதை வலதாக வெட்டி, நான்கு அலுமினியக் கட்டிகளைக் குப்பையில் போட்டேன். எந்த முறை என்று காட்ட வரைபட மூலையில் இருக்கும் கூம்புக் குறியைப் பார்க்காமல் மெஷினை ஓடவிடாதீர்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: கணினி மெஷின் இல்லாமல் சாதாரண மிலிங்கில் முடியுமா?

முடியும். நான் செய்ததே கைப்பிடிச் சக்கரம் சுற்றுகிற மெஷினில்தான். 25 மில்லிமீற்றர் தடித்த 6061-டி6 கட்டி. 6061 ஓர் அலுமினியக் கலப்பு உலோகம், டி6 அதைச் சூட்டால் பலப்படுத்திய நிலை. ஆறு பக்கமும் சதுரம் பார்த்தபின் முதல் வேலை துளைகள். இரண்டு பின் துளையையும் ஒரே பிடிப்பில், வைஸைத் தளர்த்தாமல் போட வேண்டும். 3 மில்லிமீற்றர் ட்ரில், பிறகு துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் எட்டில் ஒரு அங்குல ரீமர். எடுத்துத் திரும்ப வைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாயும், ட்ரிகர் ஒரு பக்கம் உரசும்.

அடுத்தது ட்ரிகர் நிற்கும் காடி, அதாவது நீளப் பள்ளம். அகலம் 8, ஆழம் 30 மில்லிமீற்றர். நீண்ட எண்ட்மில்லை, அதாவது மெஷினில் சுழலும் வெட்டுக் கருவியை, நேரே இறக்கினால் அது நாணல் மாதிரி வளையும், காடி அடியில் சரிந்துபோகும். வரிசையாகத் துளை போட்டு உலோகத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசி அரை மில்லிமீற்றரை மட்டும் எண்ட்மில்லுக்கு விடுங்கள். அலுமினியம் வெட்டிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் சாமான். இரண்டு பல் உள்ள எண்ட்மில் எடுங்கள், மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவிக்கொண்டே இருங்கள். 6 மில்லிமீற்றர் கார்பைட் கருவிக்கு நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேலும் கொடுக்கலாம். நம் மெஷின் 2000 தாண்டாது. பரவாயில்லை, நேரம் கூடப் போகும், அவ்வளவுதான்.

வெளி வடிவம் கடைசியில். அதை முதலில் வெட்டினால் பிறகு வைஸில் பிடிக்க நேரான முகமே இருக்காது. ட்ரிகர் வளையத்தின் உள் வளைவை நான் அரத்தால்தான் முடித்தேன். அரை நாள் போனது. அந்த அரை நாள் எனக்குப் பிடித்திருந்தது.

ஏறாவூரிலிருந்து: பிரேமின் பழைய திருகாணி தொலைந்துவிட்டால் எம்5 மெட்ரிக் திருகாணி போடலாமா? ஏறுகிறதே?

முதல் இரண்டு சுற்று ஏறும், அதுதான் ஆபத்தே. அமெரிக்க 10-32 திருகாணியின் விட்டம் 4.83 மில்லிமீற்றர், மரைக்கு மரை 0.794. எம்5 என்றால் 5.0க்கு 0.8. பார்வைக்கு அண்ணன் தம்பி. மூன்றாவது சுற்றில் இறுகும், நீங்கள் பலம் கொடுப்பீர்கள், அலுமினிய மரை உரிந்துவிடும். அங்குலம் என்றால் அங்குலம், மெட்ரிக் என்றால் மெட்ரிக்.

வாழைச்சேனையிலிருந்து: 6061 இங்கே எங்கே தேடுவது? பழைய பிஸ்டன்களை உருக்கி வார்த்தால் கட்டி கிடைத்துவிடுமே?

வேண்டாம். பிஸ்டனில் சிலிக்கன் பொதுவாக 11 முதல் 13 சதவீதம், 6061இல் ஒரு சதவீதம்கூட இல்லை. வார்த்த கட்டிக்குள் காற்றுக்குமிழி இருக்கும். பின் துளைக்குப் பக்கத்தில் ஒரு குமிழி இருந்தால் துளை நீண்டுகொண்டே போகும்.

அக்கரைப்பற்றிலிருந்து: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வாப்பா பிஸ்டன் உருக்கி ஆலைக்குக் கப்பி வார்த்தவர். இருபது வருடமாக ஓடுகிறது. நீங்கள் உடையும் என்கிறீர்கள்?

கப்பி உடையும் என்று நான் சொல்லவில்லை. வாப்பாவின் கைக்கு என் சலாம். கப்பியில் சுமை சுற்றிவரப் பரவும், சுவர் தடிப்பு, நடுவில் தண்டுக்கு உருக்குப் புஷ் வைத்திருப்பார். பிரேமில் ஒரு சின்னப் பின்னைச் சுற்றி 4 மில்லிமீற்றர் சுவர்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் தட்டு விழும்.

வாழைச்சேனையிலிருந்து மறுபடியும்: உருக்கிய பின் சூடு காட்டி டி6 ஆக்கினால்?

தம்பி, டி6 என்பது அடுப்பில் வாட்டுவது இல்லை. 6061ஐ ஏறக்குறைய 530 பாகையில் ஊறவைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்த்தி, பிறகு 160, 170 பாகையில் பல மணி நேரம் வைக்கவேண்டும். வெப்பத்தை அளக்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா? அப்படியே எல்லாம் சரியாகச் செய்தாலும் குமிழி குமிழியாகத்தான் இருக்கும்.

கல்முனையிலிருந்து: பிஸ்டனுக்குப் பதில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியை உருக்கினால்?

அதுவும் வார்ப்பு உலோகம்தான். உருக்குகிற கதையை விடுங்கள்.

பொத்துவிலிலிருந்து: எல்லோரும் மரை உரியும் என்று பயப்படுகிறீர்கள். நான் வார்த்த அலுமினியத்தில் உருக்குச் சுருள் மரை வைத்துத் திருகாணியை முறுக்கிப் பார்த்தேன். திருகாணிதான் முறிந்தது, மரை நின்றது.

இது நியாயமான பேச்சு. சுருள் மரை வைத்தால் மரைப் பிரச்சினை தீரும், ஒத்துக்கொள்கிறேன். 6061இலேயே அடிக்கடி கழற்றும் துளைகளுக்கு அதை வைப்பது நல்லது. பின் துளை விடயத்தில் மட்டும் நான் அசையமாட்டேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: விலை எவ்வளவு? தபாலில் அனுப்புவீர்களா?

செங்கலடிக்குச் சொன்ன பதில்தான்.

திருக்கோவிலிலிருந்து: கொக்கியின் நுனியை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் ட்ரிகர் இலேசாகுமாமே?

ஆகும். கீழே வைத்தாலே சுடுகிற அளவுக்கு இலேசாகும். 0.8 மில்லிமீற்றர் பிடி எதற்கு இருக்கிறது என்று மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த நுனி மேலே மட்டும் கடினப்படுத்திய உருக்கு. அரம் போட்டால் கடினத் தோல் போய், உள்ளே மெதுவான உருக்கு வந்து, ஒவ்வொரு அடிக்கும் தேயும். இன்றைக்கு இலேசாக இருப்பது அடுத்த மாதம் தானாகச் சுடும். கொக்கியில் கை வைக்காதீர்கள். இலேசாக வேண்டுமென்றால் பின் துளையை எங்கே போடுவது என்று யோசியுங்கள், ஒலுவில் தங்கச்சிக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள்.

அம்பாறையிலிருந்து: காபனீரொட்சைட்டுப் போத்தலா, அழுத்திய காற்றா?

வாயு என் துறை இல்லை. ஆனாலும் நம் வெயிலுக்காக ஒரு வார்த்தை. 20 பாகையில் காபனீரொட்சைட்டுப் போத்தலுக்குள் திரவமும் வாயுவும் சேர்ந்து ஏறக்குறைய 57 பார் அழுத்தத்தில் நிற்கும். 31 பாகை தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விடும், பிறகு சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடு என்று ஏறும். நிறை பார்க்காமல் அளவுக்கு மீறி நிரப்பிய போத்தலை சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் விட்டால் பாதுகாப்புத் தகடு கிழியும். கிழிவது நல்லதுக்குத்தான். இதற்கு மேல் வாயு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

காரைதீவிலிருந்து: கறுப்பு நிறம் எப்படிப் போட்டீர்கள்?

அனோடைஸ் செய்யக் கொடுத்தேன். அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டு மேலே ஒட்சைட்டுப் படை வளர்ப்பது. அந்தப் படையில் ஒரு பகுதி வெளிப்பக்கம் வளரும், ஆகவே துளை சுருங்கும். பின் துளைகளை அடைத்துவிட்டுக் கொடுங்கள், அல்லது வந்தபின் ரீமரை ஒரு தரம் கையால் ஓட்டுங்கள். கடல்காற்றுப் படுகிற ஊருக்கு நிறத்தைவிட இந்தப் படைதான் முக்கியம். வார்த்த பிஸ்டன் கட்டியில் இது சாம்பல் திட்டாகத்தான் வரும், சிலிக்கன் சாயம் பிடிக்காது. வாழைச்சேனைத் தம்பி கவனிக்க.

கிரானிலிருந்து: முப்பரிமாண அச்சு மெஷினில் அடித்தால்?

மாதிரி பார்க்க மிக நல்லது, நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையில் இளகும், அதை வைத்து விளையாட முடியாது.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், கோபிக்க வேண்டாம். நேற்று ஆறு பிஸ்டன் உருக்கிவிட்டேன். கட்டி நன்றாக வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

கப்பி செய்யுங்கள். தண்டின் விட்டத்தைச் சொன்னால் நானே நடுத்துளை கடைந்து தருகிறேன், காசு வேண்டாம்.