புரட்சிக் காலத்தில் எல்லைப்புறத் தளபதியாக இருந்தவரின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

பாதி வாழ்க்கை கடன் சொல்லிச் சாமான் வாங்குவதிலேயே போயிருக்கும். அமெரிக்கப் புரட்சியில் மேற்கு எல்லையில் போரிட்ட ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கை வைத்துச் சொல்கிறேன். பசிபிக் கடல்வரை போய்வந்த லூயிஸ், கிளார்க் இருவரில் அந்த கிளார்க்குக்கு இவர் அண்ணன்.

1752இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தொழில் நில அளவை. 1778இல் ஆளுநர் பேட்ரிக் ஹென்றி ரகசிய உத்தரவு கொடுத்து அனுப்பியபோது இவரோடு கிளம்பியவர்கள் ஏறத்தாழ 175 பேர்தான். ஜூலை 4 இரவு, இன்றைய இல்லினாயில் பிரிட்டிஷார் வசம் இருந்த கஸ்காஸ்கியா என்ற ஊரை ஒரு குண்டுகூடச் சுடாமல் பிடித்தார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். பிரான்ஸ் இப்போது அமெரிக்கா பக்கம் என்று தெரிந்ததும் அவர்களும் இவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

அந்த டிசம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி ஹாமில்டன் வந்து, கிளார்க் பக்கம் வந்திருந்த வின்சென்ஸ் கோட்டையை (இன்றைய இந்தியானாவில் உள்ளது) திரும்பப் பிடித்துவிட்டார். இனி கோடையில்தான் சண்டை என்று நினைத்துப் படையில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பியும் விட்டார். கிளார்க் பிப்ரவரியிலேயே கிளம்பினார். வழி நெடுக வெள்ளம். குளிர்ந்த தண்ணீரில் மார்பளவு இறங்கி நடக்க வேண்டும், கடைசி நாட்களில் சாப்பாடும் இல்லை. ஓரிடத்தில் ஆட்கள் தயங்கி நிற்க, கிளார்க் வெடிமருந்தைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, போர்க்கூச்சல் போட்டபடி தானே முதலில் இறங்கினார். பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள். இன்னோரிடத்தில், நடக்க மறுப்பவனைச் சுட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கடைசி வரிசையில் ஆட்களை நிறுத்தினார். இரண்டுமே ஒரே மனிதர்தான். பிப்ரவரி 25, 1779 அன்று ஹாமில்டன் சரணடைந்தார்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட பூர்வகுடிக் கைதிகள் சிலரைக் கோட்டைக்குள் இருப்பவர்களின் கண் முன்னாலேயே கோடரியால் வெட்டிக் கொன்றார்கள். 1780இலும் 1782இலும் கிளார்க், ஷானி என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தார். இவரை வீரர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, கடனுக்கு வருவோம். வர்ஜீனியாவின் காகிதப் பணத்துக்கு எல்லையில் மதிப்பில்லை. மாவு, துணி, வெடிமருந்து எல்லாவற்றுக்கும் கிளார்க் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். என் அப்பா நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது வருஷம் தவணை கட்டினார். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கும். போர் முடிந்ததும் கடன்காரர்கள் கிளார்க்கைத்தான் தேடி வந்தார்கள். சரியான ரசீது இல்லை என்று வர்ஜீனியா கைவிரித்தது. தன் பெயரில் நிலம் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் பெயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. குடி வேறு. 1809இல் தீக்காயம் பட்டு ஒரு கால் போனது. அப்புறம் லூயிவில் அருகே தங்கை வீட்டில் இருந்தார். 1812இல் வர்ஜீனியா ஒரு வாளும் வருடத்துக்கு 400 டாலர் ஓய்வூதியமும் கொடுத்தது. 1818இல் இறந்தார்.

கடன் கொடுத்து உதவிய வியாபாரி பிரான்சிஸ் விகோவின் கதியும் அதேதான். அவர் 1836இல் இறந்தார். வழக்கு நடத்தி வாரிசுகள் பணத்தை வாங்கியது 1870களில். கிளார்க்கின் ரசீதுகளோ, கட்டுக் கட்டாக, இருபதாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் அரசாங்கக் காகிதங்களுக்கு நடுவிலேயே கிடைத்தன.