ஸ்பானிஷில் சுவருக்கு ஏன் மூன்று சொற்கள்?

ஆங்கிலத்தில் 'வால்' என்ற ஒரே சொல் இருக்க, ஸ்பானிஷில் மட்டும் பரெத், முரோ, முராய்யா என மூன்று ஏன்? சுவருக்கு என்ன வேலை என்பதுதான் கணக்கு. அறையைப் பிரிக்கும் வீட்டுச் சுவர் பரெத். வெளியே தனியாக நிற்கும் கனத்த சுவர் முரோ. ஊரைக் காக்கும் அரண் முராய்யா. ஸ்பெயினின் ஆவிலா நகரைச் சுற்றி சுமார் 2.5 கிலோமீட்டருக்கு இன்றும் நிற்கிறதே, அது.

லத்தீனிலேயே வீட்டுச் சுவர் 'பாரியெஸ்', ஊர் மதில் 'மூருஸ்' என்ற பிரிவு இருந்தது. நமக்கும் இது புதிதல்ல. காலண்டர் மாட்டுவது சுவரில். கோட்டையைச் சுற்றி இருப்பது மதில். படுக்கையறை மதிலில் ஆணி அடித்தேன் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்!

அப்புறம், பெரிய சுவரெல்லாம் முராய்யா ஆகிவிடாது: சீனப் பெருஞ்சுவர் முராய்யா, ஆனால் சுமார் 155 கிலோமீட்டர் நீண்ட பெர்லின் சுவர் வெறும் முரோதான்.