ஒரு கன்டெய்னர் ரேக்கை ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ரீச் ஸ்டேக்கர் ஒரு பெட்டியை எடுத்து வைக்க 2 நிமிஷம், ரேக்கில் 90 பெட்டி, ஆக 3 மணி நேரம், சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ரேக் என்றால் ஒன்றாகக் கோர்த்த வேகன் வரிசை; ரீச் ஸ்டேக்கர் என்றால் நீளும் கையால் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி.) காகிதத்தில் சரி. யார்டில் வேலை பார்க்கிறவரிடம் காட்டினால் சிரிப்பார்.

முதலில் அந்த 90. நம் ரயில்வேயில் வழக்கமான கன்டெய்னர் ரேக் என்றால் 45 பிஎல்சி வேகன் (கன்டெய்னர் ஏற்றவென்றே உள்ள தட்டையான வேகன்), வேகனுக்கு இரண்டு 20 அடிப் பெட்டி அல்லது ஒரு 40 அடிப் பெட்டி. அதாவது 90 என்பது டிஇயு கணக்கு: 20 அடிப் பெட்டி ஒரு டிஇயு, 40 அடி இரண்டு. மெஷினுக்கு 20 அடியானாலும் 40 அடியானாலும் ஒரு தூக்குதான். 40 அடிப் பெட்டி 30, 20 அடிப் பெட்டி 30 வந்தால் ரேக் நிறைந்துவிடும், ஆனால் இறக்க 60 தூக்குதான். டிஇயுவை விட்டுவிட்டுத் தூக்கை எண்ணுங்கள்.

அப்புறம் அந்த 2 நிமிஷம். பெட்டியைப் பிடித்துப் பின்னால் வந்து, திரும்பி, அடுக்கு வரைக்கும் போய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். நான் மணிக்கு 15 தூக்குக்கு மேல் போட மாட்டேன், அடுக்கு தூரமென்றால் 12. இரண்டு மெஷின் ரேக்கின் ஆளுக்கொரு முனையிலிருந்து வேலை செய்தால் 60 தூக்குக்கு 2 மணி நேரம், அதுவும் ட்ரெய்லர்கள் குறுக்கே வராமல் இருந்தால். நடுவில் ஒரு ட்விஸ்ட் லாக் (பெட்டியின் மூலையை வேகனோடு பூட்டும் கொக்கி) சிக்கினால் பெட்டியின் ஒரு மூலை மட்டும் விடாமல் வேகனையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். உடனே இறக்கி வைத்து, ஆள் போய்க் கடப்பாரையால் தட்டி விடுவிக்க வேண்டும்.

ஏற்றுவதைத் தனியாகப் போடுங்கள், அது எப்போதும் கூடுதல்தான். போக வேண்டிய பெட்டி மூன்றடுக்கின் அடியில் இருந்தால், மேலே உள்ள இரண்டை எடுத்து வைப்பதும் தூக்குதான், ஆனால் ரேக்கில் ஒரு பெட்டிதான் ஏறியிருக்கும். கஸ்டம்ஸ் முடியாத பெட்டிக்காகக் காத்திருப்பது வேறு கதை.

மெஷினே ஓடாத நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே ரீச் ஸ்டேக்கர் கையை உயர்த்த முடியாது. அதனால் மின்சார எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சின் வைத்து, கம்பி இல்லாத லைனுக்குள் தள்ள வேண்டும். ரேக் கிட்டத்தட்ட 700 மீட்டர் நீளம். லைன் அதைவிடக் குட்டையென்றால் இரண்டாக உடைத்து இரண்டு முறை. முடிந்ததும் வேகன் சோதனை, பிரேக் அழுத்தம், கடைசியில் எஞ்சினுக்குக் காத்திருப்பு. மெஷினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இது குறையாது.

ப்ராஜெக்டுக்கு என்றால் யார்டு ரெஜிஸ்டரில் ரேக் லைனுக்குள் வந்த நேரம், முதல் தூக்கு, கடைசித் தூக்கு, ரேக் வெளியேறிய நேரம் நான்கையும் வாங்குங்கள். நடு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் தூக்கு எண்ணிக்கையால் வகுங்கள், மற்றதைத் தனியாக வையுங்கள்.