ஓட்டையை எண்ணிப் பாருங்கள்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. புத்தகத்தில் 1958 என்று போட்டிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பொனட்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், சூடேறினால் குறைந்துவிடும். எக்ஸோஸ்ட் கஸ்கட், அதாவது புகைக் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் தகடு, போய்விட்டது என்றார்கள். காரின் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்கிய முதல் கஸ்கட் பொருந்தவே இல்லை. அடுத்தது பொருந்தியது, ஆனால் ஒரு மாதத்தில் நடுப்பகுதி எரிந்துவிட்டது. சரியான கஸ்கட்டை எங்கே தேடுவது?
– வாசகர், பரந்தன்

பதில்: கடையைத் தேடுவதற்கு முன்னர் இஞ்சினைப் பாருங்கள். வன்னியில் ஓடித் தப்பிய பழைய கார் ஒன்றில் புத்தகத்தில் உள்ள அதே இஞ்சின்தான் இருக்கும் என்று நான் ஒருபோதும் நம்புவதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை, ஒன்று பழுதானால் இன்னொன்றின் இஞ்சினைக் கழற்றிப் போட்டுத்தான் ஓட்டினோம். 1958 மைனர் என்றால் 948 சிசி இஞ்சின் இருக்க வேண்டும். 1962க்குப் பிறகு வந்தது 1098 சிசி. டைனமோவுக்கு மேலே பிளொக்கில் இஞ்சின் இலக்கம் இருக்கும், கறலைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098.

இலக்கம் அழிந்துபோயிருந்தால் மனிஃபோல்ட்டை (காற்றும் புகையும் போய்வரும் வார்ப்புக் குழாய்கள்) கழற்றி, அது பூட்டியிருந்த ஹெட்டில், அதாவது இஞ்சினின் மேல் பாகத்தில், உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள். சிலிண்டர் நான்கு என்றாலும் இந்த இஞ்சினில் ஓட்டைகள் ஐந்துதான்: காற்றும் பெற்றோலும் உள்ளே போக இரண்டு, புகை வெளியே வர மூன்று. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை நடு ஓட்டை ஒன்றாலேயே வெளியேறும். ஐந்து ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் பிஎம்சி ஏ சீரிஸ், உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. ஏனென்றால் பழைய மினி, ஒஸ்ரின் ஏ35, ஏ40 ஃபரினா எல்லாவற்றிலும் இந்த இஞ்சின் குடும்பம்தான். மைனருக்கு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் மினிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணிக்கை வேறாக வந்தால் யாரோ வேறு இஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், அப்போது காரின் பெயரை மறந்துவிட்டு அந்த இஞ்சினின் பெயரில்தான் தேட வேண்டும். 1950களின் தொடக்கம் வரை வந்த மைனரில் 918 சிசி சைட் வால்வ் இஞ்சின் இருந்தது, அதன் கஸ்கட் முற்றிலும் வேறு. வெறுமனே மொறிஸ் மைனர் என்று கேட்டால் அதுவும் கைக்கு வரலாம்.

கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். நேரில் போக முடியாவிட்டால் பழைய கஸ்கட்டை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தையும் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், சாமானை ஏ9இல் வரும் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். வந்ததும் ஹெட்டில் வைத்துப் பாருங்கள். கஸ்கட்டின் ஓட்டை ஹெட்டின் ஓட்டையை விடச் சிறியதாக இருந்து விளிம்பு உள்ளே எட்டிப் பார்த்தால் அது எரியும், அதைப் போட வேண்டாம்.

ஆனால் உங்கள் இரண்டாவது கஸ்கட் எரிந்ததற்குக் காரணம் கஸ்கட் அல்ல என்றே நினைக்கிறேன். இரண்டு சிலிண்டரின் புகை போகும் நடு ஓட்டைதான் அதிகம் சூடாகும், மனிஃபோல்ட் வளைந்திருந்தால் அங்கேதான் முதலில் வாய் திறக்கும். மனிஃபோல்ட் முகத்தை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வையுங்கள். ஒரு கொப்பித் தாள் எங்கேயாவது தாராளமாக நுழைந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தை மட்டம் பிடிக்க வேண்டும். காற்று போகும் இன்லெட், புகை வரும் எக்ஸோஸ்ட் இரண்டின் முகமும் ஒரே மட்டத்தில் வரும்படி சேர்த்தே பிடிக்கச் சொல்லுங்கள், இதை வாய் திறந்து சொல்லாவிட்டால் தனித்தனியாகப் பிடித்துத் தந்துவிடுவார்கள். இதைச் செய்யாமல் பத்துக் கஸ்கட் போட்டாலும் காசுதான் போகும்.

நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டுவையுங்கள், நட் பூட்டும் கம்பியான ஸ்டட் முறிந்தால் வேலை இரண்டு மடங்காகும். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட் போடுங்கள், அது ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது. மனிஃபோல்ட்டும் கீழே இறங்கும் குழாயும் சேரும் இடத்துக்கு மைனரில் தனிக் கஸ்கட் கிடையாது, கிளாம்ப்தான். அதற்கென்று யாராவது ஒன்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, இந்தச் சத்தத்தோடு மாரி மழையில் கண்ணாடியை மூடிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றி ஓட வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் தூக்கமும்தான் வரும், அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

கேள்வி: எங்கள் உழவு மெசின் பழைய மெசி 35. காலபோக உழவுக்கு இறக்க வேண்டும், மனிஃபோல்ட் கஸ்கட்டால் புகை அடிக்கிறது. கராஜில் இருந்த பழைய தகட்டில் வெட்டிப் போடலாம் என்கிறார்கள், போடலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் அம்மா. பழைய கஸ்கட் தகடுகளில் அஸ்பெஸ்டோஸ் இருந்திருக்கும், வெட்டும்போது பறக்கும் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. இப்போது போட்டிருக்கும் கஸ்கட்டைக் கழற்றும்போதும் தண்ணீரால் நனைத்துவிட்டுச் சுரண்டச் சொல்லுங்கள், உலர்ந்தபடி கம்பித் தூரிகையால் தேய்க்க விடாதீர்கள்.

புதிதாக வாங்கும்போது 35 என்று மட்டும் சொன்னால் போதாது. ஆரம்பத்தில் வந்த டீசல் 35இல் ஸ்டாண்டர்ட் நான்கு சிலிண்டர் இஞ்சின், 1959இலிருந்து வந்ததில் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர். டீசல் பீச்சும் இன்ஜெக்டர்கள் எத்தனை என்று எண்ணினால் தெரிந்துவிடும். உங்களுடையது மூன்று என்றால் பேர்கின்ஸ் 3.152 என்று கேளுங்கள். அதில் 152 என்பது இஞ்சினின் அளவு, 152 கன அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை லீற்றர். நிமிர்ந்து நிற்கும் குழாயாக இருந்தால் மெசினை நிறுத்தி வைக்கும் நேரத்தில் வாயில் ஒரு வெற்றுப் பேணியைக் கவிழ்த்துவிடுங்கள், மழைத்தண்ணீர் இறங்கினால் மனிஃபோல்ட் உள்ளிருந்தே கறல் பிடிக்கும்.

கேள்வி: மனிஃபோல்ட் கஸ்கட்டுக்குச் சிலிக்கன் பூசலாமா? திரும்ப இறுக்க வேண்டுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: சிலிக்கன் வேண்டாம், அந்தச் சூட்டில் எரிந்துபோகும். இறுக்கத்தான் வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் ஓடியபின் இஞ்சின் நன்றாக ஆறிய நேரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள், நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.