பழைய ஐபாடை ஹார்ட் டிஸ்க்காகப் பயன்படுத்த முடியுமா?

கேள்வி: சும்மா கிடக்கும் 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கில் போட்டோ, ஆபீஸ் ஃபைல் எல்லாம் போட்டு எடுத்துப்போக நினைக்கிறேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது; டிரைவ் மட்டும் தெரிவதில்லை. நண்பர் கம்ப்யூட்டரில் தெரிந்தது, ஆனால் 6 ஜிபி வீடியோ ஏற மறுத்துவிட்டது. என்ன கோளாறு?

பதில்: ஐபாடில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 6 ஜிபி ஃபைல் ஏறவில்லை என்பதை வைத்தே அது ஃபேட்32 முறையில், அதாவது விண்டோஸுக்காக ஃபார்மட் ஆனது என்று சொல்லிவிடலாம். ஃபேட்32-ல் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 100 ஜிபி காலியாக இருந்தாலும் இதுதான் விதி.

அப்படியானால் உங்கள் லேப்டாப்பில் ஏன் தெரியவில்லை? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான 30 பின் கேபிள்கள் சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டுமே இருக்கும். கேபிள் சரி என்றால் அடுத்த சந்தேகம், ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் மென்பொருளான ஐட்யூன்ஸ் மேல். ஐபாடை டிஸ்க்காகப் பயன்படுத்த அனுமதிக்கும் 'எனேபிள் டிஸ்க் யூஸ்' டிக் ஆகாவிட்டால், சிங்க் (கம்ப்யூட்டரில் உள்ள பாட்டுகளை ஐபாடோடு ஒத்துப்போகச் செய்வது) முடிந்த கையோடு ஐட்யூன்ஸே ஐபாடை எஜெக்ட் செய்துவிடும். நண்பரிடம் ஐட்யூன்ஸ் இல்லாமல் இருந்திருக்கும், அதனால் அங்கே தெரிந்திருக்கிறது. ஐபாடின் சம்மரி பக்கத்தில் கீழே அந்த டிக்கைப் போட்டு 'அப்ளை' கொடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, டிரைவ் எழுத்து வேறொன்றோடு மோதுகிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

கடைசி வழி, ஐபாடையே டிஸ்க் மோடுக்கு, அதாவது வெறும் டிஸ்க்காக மட்டும் இயங்கும் நிலைக்குத் தள்ளுவது. ஹோல்ட் ஸ்விட்சை ஒருமுறை போட்டு எடுங்கள். மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். வந்ததும் விட்டுவிட்டு, உடனே நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். வெளியே வர மறுபடி மெனுவும் நடு பட்டனும்.

'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் எப்போதாவது கேட்டால், ஓகே கொடுத்துவிடாதீர்கள். மேக்கில் ஃபார்மட் ஆன ஐபாடைச் செருகினால் அப்படித்தான் கேட்கும். 4 ஜிபி வரம்பைத் தாண்ட, அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றலாமே என்றும் தோன்றும். மாற்றினால் பாட்டுப் பெட்டியாக அது வேலை செய்யாது. ஃபார்மட் மாற்றுவதென்றால் ஐட்யூன்ஸின் 'ரீஸ்டோர்' வழியாக மட்டும். பாட்டு, ஃபைல் எல்லாமே அழிந்துபோகும், முன்பே காப்பி எடுத்துவிடுங்கள்.

பெரிய வீடியோவைத் துண்டாக்க, ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் போதும். 'ஸ்ப்ளிட் டு வால்யூம்ஸ்' கட்டத்தில் 3900எம் என்று தட்டி, கம்ப்ரஷனை 'ஸ்டோர்' என வையுங்கள். வீடியோவை மேலும் சுருக்கப் பார்ப்பது நேர விரயம். 001, 002 என்று துண்டுகள் கிடைக்கும். ஆபீஸ் ஃபைல்களுக்கு அதிலேயே பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். ஃபேட்32-ல் எந்தப் பூட்டும் கிடையாது, ஐபாட் தொலைந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம்.

நீங்கள் டிரைவில் ஏற்றிய ஃபைல்கள் ஐட்யூன்ஸில் 'அதர்' என்ற கணக்கில் வரும். சிங்க் அவற்றைத் தொடாது. இழுத்துப் போட்ட எம்பி3 ஐபாடில் பாடாது, அதன் பாட்டுகள் ஐபாட்_கன்ட்ரோல் என்ற மறைவான ஃபோல்டரில் தனிக் கணக்கோடு இருப்பவை. அதில் கை வைக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் 1.8 அங்குல டிஸ்க் நாள் முழுக்கச் சுழல்வதற்குச் செய்ததல்ல. பாட்டு கேட்கும்போது சில பாட்டுகளை மெமரிக்கு இழுத்துக்கொண்டு டிஸ்க் நின்றுவிடும். நீங்கள் 60 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றினால் அதற்கு ஓய்வே கிடையாது, பின்பக்கத் தகடு சுடத் தொடங்கும். 10, 15 ஜிபியாகப் பிரித்து ஏற்றுங்கள். ஆயிரக்கணக்கான போட்டோக்களை ஜிப் செய்து அனுப்பினால் வேகமாக முடியும். ஐபாடிலிருந்து வீடியோவை நேரடியாக எடிட் செய்வதெல்லாம் வேண்டாம்.

ஐபாட் திரையில் இணைப்பைக் காட்டும் செய்தி மறையாமல் கேபிளைப் பிடுங்கினால் ஃபைல் அட்டவணை குலைந்து, பாட்டும் காணாமல் போகலாம். எஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால் எதையும் புதிதாக ஏற்றாமல், உள்ளே இருப்பதை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.