மேசை வாள் வாங்கியிருக்கிறேன். எப்படிப் பொருத்தி, விரல் போகாமல் பாவிப்பது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் வீட்டோடு ஒரு சின்னத் தச்சுப் பட்டறை போடுகிறார். 10 அங்குல மேசை வாள் வாங்கிவிட்டார். இதுவரை கைவாளும் சீவுளியும்தான் பழக்கமாம். நான் மாங்குளத்தில் 15 வருடமாகக் கதவு, ஜன்னல், அலுமாரி செய்கிறேன். பத்து விரலும் இருக்கின்றன. வயிற்றில்தான் ஒரு தழும்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர் திரும்பிய புதிதில் நான் வேலை பழகிய இடத்தில், இரும்புச் சட்டத்தில் ஒட்டி எடுத்த மேசை ஒன்று இருந்தது. கீழே மோட்டர், ஒரு பெல்ட், மேலே வாள். மூடி எல்லாம் கிடையாது. முதிரைப் பலகை ஒன்றை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் கிழிந்த இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று நெருங்கி வாளைக் கவ்வின. மோட்டரின் சத்தம் கனத்தது, அவ்வளவுதான் நினைவு. நான் நிலத்தில் இருந்தேன், பலகை எனக்குப் பின்னால் தகரத்தில் குத்திக்கொண்டு நின்றது.

எங்கள் பெடியள் எல்லாரும் வாளின் முன்பக்கப் பற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அவை மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, அதனால் அங்கே பெரிய குழப்படி இல்லை. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பி வருகின்றன. மரம் கொஞ்சம் திரும்பி அவற்றில் மாட்டினால் தூக்கி உங்கள் மேலேயே எறியும். நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும் 10 அங்குல வாளின் பல் ஏறக்குறைய மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. மரம் பறந்தால் பிடித்துக்கொண்டிருந்த கையும் வாளை நோக்கி இழுபடும். விரல் போவது பல தடவை அப்படித்தான்.

ஆகவே முதலில் பெட்டிக்குள் தேடுங்கள்: வாளுக்குப் பின்னால், அதன் வளைவோடு ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு இரும்புத் தகடு வந்திருக்கும். ரிவிங் நைஃப் என்பார்கள். கிழிந்த இடைவெளிக்குள் இது நுழைந்து நிற்பதால் மரம் வாளைக் கவ்வ முடியாது. வாளின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வாளிலிருந்து இரண்டு நூலுக்குள், அதாவது கால் அங்குலத்துக்குள் நிற்கட்டும். இடைஞ்சல் என்று முதல் நாளே கழற்றி மூலையில் போடுவதுதான் எங்கள் வழக்கம். என் பழைய மேசைக்கு அது இருக்கவே இல்லை. பிறகு லேத் பட்டறையில் கொடுத்து வெட்டுவித்தேன். அந்தச் செலவை இன்றுவரை குறை சொன்னதில்லை.

அடுத்தது நேர் பார்ப்பது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சுவிட்சை நிறுத்தினால் போதாது. ஒரு பல்லில் பேனையால் புள்ளி வையுங்கள். மேசையில் ஓடும் பள்ளத்துக்குள் மூலைமட்டத்தின் உடலைச் சாய்த்து, அளவுகோலை நீட்டி அந்தப் பல்லை இலேசாகத் தொடச் செய்யுங்கள். நகம் உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இப்போது வாளைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மட்டத்தை நகர்த்தித் திரும்பத் தொட்டுப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் வாள் நேர். ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தொடாமல் விட்டால் மேசைக்கு அடியில் உள்ள ஆணிகளைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். அரை நாள் போகும், போகட்டும். மரத்தை வழிநடத்தும் பக்கச் சட்டத்தையும் அதே பள்ளத்துக்கு நேராக்குங்கள். சட்டத்தின் பின்முனை ஒரு மயிரிழை வெளியே விலகியிருந்தால் பரவாயில்லை, உள்ளே நெருங்கியிருக்கவே கூடாது. நெருங்கினால் மரத்தைப் பின்பற்களோடு நெரிக்கும்.

வாளின் உயரம் மரத்துக்கு மேல் ஒரு நூல், இரண்டு நூல். நீளவாக்கில் கிழிக்க 24 பல், குறுக்கே வெட்ட 60 பல். மேசையில் மெழுகுதிரியைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள், மரம் வழுக்கிக்கொண்டு போகும்; பலமாகத் தள்ளும்போதுதான் கை சறுக்கும்.

வன்னிக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மரத்துக்குள் இரும்பு. சண்டை நடந்த இடத்துப் பாலை, வேம்பு எதை எடுத்தாலும் உள்ளே செல் துண்டோ சன்னமோ இருக்கலாம். மேல்பட்டை வளர்ந்து மூடியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டுமுகத்தில் நீலக் கறுப்பாகக் கறை ஓடியிருந்தால் கிட்டத்தில் இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் இரும்புக்கு உதவும், செம்புக்கும் ஈயத்துக்கும் உதவாது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பல் உடைந்து பறந்தால் கண்தான் முதலில் போகும், கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடி எடுக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மற்றது கரண்ட். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலம் நினைவிருக்கும். ஒருநாள் வேலை நடுவே கரண்ட் போக, சுவிட்ச் போட்டபடியே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வரும்போது ஆள் இல்லாத பட்டறையில் வாள் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் தானாக விழுந்து, திரும்ப அமத்தினால்தான் ஓடும் காந்தச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டுங்கள்.

ஓட்டும்போது சாரம் வேண்டாம், கையுறையும் வேண்டாம். துணி ஒரு பல்லில் பட்டால் கையையும் சேர்த்து இழுக்கும். வாளுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள், என் தழும்பு நேரே நின்றதால் வந்தது. வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே 6 அங்குலத்துக்குக் குறைவென்றால் கையை எடுத்துவிட்டுத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். நான் பழைய பலகையில் வெட்டி வைத்திருக்கிறேன், வாள் கடித்துக் கடித்து இப்போது மூன்றாவது. சட்டத்தில் சாய்த்துக்கொண்டே குறுக்கே வெட்டாதீர்கள், வெட்டிய துண்டு நடுவில் சிக்கித் திரும்பும். அப்புறம், விழுந்த துண்டை எடுக்க அவசரப்படாமல் வாள் முழுதாக நிற்கும்வரை பொறுங்கள்.

உங்கள் பெட்டிக்குள் அந்தத் தகடு இல்லையென்றால் மேசையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எங்கே பூட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.