நாற்பது வினாடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அதில் சொல்லியிருந்த 1957ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பதிவைத் தேடிப் பார்த்தேன். பாடகி பில்லி ஹாலிடே நடுவில் உட்கார்ந்து பாடுகிறார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்கிறார்கள். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். கோயில் விழாவில் நேரில் கேட்டிருக்கிறேன். அந்த வேகமும் கமகமும் இதில் எங்கே? நீங்கள் கொண்டாடும் லெஸ்டர் யங் எழுந்து வருகிறார், நாலைந்து சுரத்தை இழுக்கிறார், போய்விடுகிறார். அவருக்கு முன்னால் வாசித்தவரும் பின்னால் வாசித்தவர்களும் இதைவிட நன்றாக வாசித்ததாகவே எனக்குப் பட்டது.

இன்னொன்று. இவர்களுடைய வாழ்க்கையைப் படித்தால் குடி, கஞ்சா, ஹெராயின், சிறை, நாற்பது சொச்சம் வயதில் சாவு. கெட்டழிந்தவர்களுக்கு வருடாவருடம் நினைவுநாள் கட்டுரை தேவைதானா? என் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் இதைக் காட்டத் தயங்கினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். லெஸ்டர் வாசிக்கும்போது அந்த அம்மாளின் முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் ஐந்தாறு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

இதையெல்லாம் கேட்க நல்ல ஹெட்போன் எது என்றும் சொல்லுங்கள்.

ம.,
திருப்பூர்

அன்புள்ள ம.,

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதியதற்கு நன்றி. ஜாஸ் பற்றி நான் எழுதும்போதெல்லாம் 'அற்புதம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறவர்களில் பாதிப் பேர் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு லெஸ்டர் யங் கஞ்சனாகத்தான் தெரிவார். கோபால்நாத் ஒரு மேற்கத்திய வாத்தியத்தை நம் கமகத்துக்கு வளைத்துக் கொண்டுவரப் பல வருடம் பாடுபட்டவர். லெஸ்டருக்கு அந்தப் பாடு இல்லை. எவ்வளவு குறைவாகச் சொன்னால் போதும் என்பதுதான் அவருடைய பாடு. இருவரையும் ஒரே படிக்கல்லில் நிறுக்க முடியாது, அதை விட்டுவிடுவோம்.

அந்த முகத்துக்கு வருகிறேன். நானும் லெஸ்டர் யங்கிடம் அந்த முகத்தின் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பு. ஜோடனை எதுவும் இல்லாத வெறும் ஸ்டூடியோ. கேமராக்கள்கூடச் சில இடங்களில் கண்ணில் படும். பாட்டு 'ஃபைன் அண்ட் மெல்லோ'. பில்லியே எழுதி 1939இல் முதலில் பதிவு செய்தது. தன்னை மோசமாக நடத்தும் ஒருவனைப் பற்றிய ப்ளூஸ். ப்ளூஸ் என்பது பன்னிரண்டு தாளக் கட்டம் கொண்ட ஒரு சுற்று. முதல் அடியைச் சொல்கிறோம், அதையே திருப்பிச் சொல்கிறோம், மூன்றாவது அடியில் அதற்கு ஒரு பதில். அவ்வளவுதான் வீடு, அதற்குள் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். பில்லி ஒரு கண்ணி பாடி நிறுத்துகிறார். வாத்தியக்காரர்கள் ஆளுக்கு ஒரு சுற்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர். மூச்சும் ஒலியும் சேர்ந்து வரும் கனத்த வாசிப்பு. அடுத்து லெஸ்டர். அந்த வாரம் அவர் மிகவும் தளர்ந்துபோயிருந்தார். நிகழ்ச்சியில் அவருக்கென்று இருந்த வேறு பகுதிகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். இந்தப் பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே வாசிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மனிதர் எழுந்துவிட்டார். நாற்பது வினாடி இருக்கும். ஒரு சுரத்தை எடுத்து அது தானாக அடங்கும்வரை விடுகிறார். பிறகு ஒரு இடைவெளி. பிறகு சற்றுக் கீழே இறங்கும் ஒரு சின்னத் தொடர். மறுபடி இடைவெளி. இந்த இடைவெளிகளில்தான் கேமரா பில்லியிடம் போகிறது. அவர் தலை மெல்ல அசைகிறது. நம் சபாக்களில் முன்வரிசைக்காரர்கள் போடும் ஆட்டம் இல்லை அது. கூடத்தில் யாரோ பழைய கதை ஒன்றைச் சொல்ல, அதை ஏற்கெனவே அறிந்த ஒருத்தி சமையலறையிலிருந்தபடி 'ஆமாம், ஆமாம்' என்று கேட்பது போன்ற அசைவு. உதட்டோரத்தில் பாதிச் சிரிப்பு ஒன்று வருகிறது. லெஸ்டர் முடித்து நகர்ந்ததும் அடுத்தவர் தொடங்கிவிடுகிறார்.

முதல்முறை பார்த்தபோது எனக்கும் உங்களைப்போலவே வாசிப்பு பிடிபடவில்லை. ஆனால் இந்த அம்மாள் எதையோ கேட்கிறார், எனக்கு அது கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த எரிச்சலில்தான் மறுபடி மறுபடி போட்டேன். ஒரு நாள் அடுத்த அறையிலிருந்து என் மனைவி, "யார் இது, வாசிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்டாள். சற்றுக் கழித்து, "ஏன் பாதியில் நிறுத்திவிட்டார்?" என்றாள். இசை விமர்சகர்கள் ஐம்பது வருடமாக எழுதியிருப்பதில் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். ஒரு பாட்டை வாசிக்கிறவனுக்கு அதன் வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டரின் கொள்கை. அவர் உண்மையிலேயே பேசிக்கொண்டுதான் இருந்தார்.

யாரிடம் பேசினார் என்பதற்கு இருபது வருடம் பின்னால் போக வேண்டும். 1937இல் இருவரும் சேர்ந்து பதிவு செய்யத் தொடங்கினார்கள். பில்லிக்கு 21 வயது, லெஸ்டருக்கு 27. ஒவ்வொன்றும் மூன்று நிமிட இசைத்தட்டு. அவற்றில் லெஸ்டர் தனக்குக் கிடைத்த இடத்தில் வாசிப்பதைவிட, பில்லியின் இரண்டு வரிகளுக்கு நடுவில் வாசிப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் வார்த்தையை முடித்த இடத்தில் இவர் தொடுகிறார். இவர் விட்ட இடத்தில் அவர் தொடங்குகிறார். 'லேடி டே' என்ற பெயர் லெஸ்டர் அவருக்கு வைத்தது. பதிலுக்குப் பில்லி இவரைப் 'பிரெஸ்' ஆக்கினார், பிரசிடெண்டின் சுருக்கம். பின்னாளில் அந்த நெருக்கம் குறைந்துபோயிருந்தது. 1957இல் நீங்கள் பார்த்த முகம் அந்த இருபது வருடத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பின்னால் வாசித்தவர்கள் இதைவிட நன்றாக வாசித்தார்கள் என்கிறீர்கள். அவர்களில் ஒருவர் கோல்மன் ஹாக்கின்ஸ். உங்கள் ரசனையில் குறை காண்பதற்கில்லை. டெனர் சாக்ஸபோனை ஜாஸில் ஒரு மதிப்புள்ள வாத்தியமாக நிலைநிறுத்தியவரே அவர்தான். 1934இல் ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் குழுவை விட்டு ஹாக்கின்ஸ் விலகியதும் அந்த இடத்துக்கு லெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். ஹாக்கின்ஸைப்போல் கனமாக ஊதவில்லை என்று குழுவில் எல்லோருக்கும் குறை. ஹெண்டர்சனின் மனைவி, தம் வீட்டில் தங்கியிருந்த லெஸ்டருக்கு ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டி, இப்படி வாசி என்று பாடம் நடத்தினார். லெஸ்டர் சில மாதங்களில் விலகிவிட்டார். அந்த ஹாக்கின்ஸும் லெஸ்டரும்தான் 1957இல் ஒரே வட்டத்தில் சில அடி தூரத்தில் நிற்கிறார்கள். இதை மனத்தில் வைத்து இன்னொரு முறை பாருங்கள். ஹாக்கின்ஸ் அப்போதும் உங்களுக்கு உசத்தியாகப் பட்டால் சரி, படட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் நான் கொஞ்சம் கோபப்படுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெஸ்டர் குடித்தார், அளவில்லாமல் குடித்தார். 1944இல் அவரைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தார்கள். கஞ்சா வைத்திருந்ததாக 1945இல் ராணுவ நீதிமன்றம் தண்டித்து ஜார்ஜியாவில் சிறை வைத்தது. வெளியே வந்ததும் அந்தச் சிறையின் பெயரிலேயே ஒரு ப்ளூஸ் பதிவு செய்தார். பில்லிக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. 1947இல் சிறை சென்றதால், மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கு நியூயார்க்கில் தேவைப்பட்ட அனுமதி அட்டையை இழந்தார். பன்னிரண்டு வருடம், சாகும்வரை, அது திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பாடகியிடமிருந்து அவர் ஊரின் மேடைகளைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு அவர் கெட்டுப்போனதைக் கணக்கெடுக்கிறார்கள். 1959 மார்ச் 15 அன்று லெஸ்டர் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். அவர் இறுதிச் சடங்கில் பாட பில்லி விரும்பினார், பாட விடவில்லை. நான்கு மாதம் கழித்து ஜூலை 17 அன்று, மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்ட நிலையில் அவரும் போனார். பில்லிக்கு 44 வயது, லெஸ்டருக்கு 49. கெட்டழிந்தவர்கள் என்பது உங்கள் சொல். அழிந்ததில் எவ்வளவு தாமாகக் கெட்டது, எவ்வளவு மற்றவர் கெடுத்தது என்று கணக்கெழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெராயின்தான் அந்த இசையைக் கொடுத்தது என்று கிறங்கி எழுதுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ரகசியம் ஊசியில் இருக்கிறது என்று நம்பி எத்தனையோ இளம் வாத்தியக்காரர்கள் அந்தக் குழியில் விழுந்தார்கள். அந்த ஊசி பார்க்கருக்குக் கொடுத்தது 34 வயதில் சாவைத்தான்.

உங்கள் மகனுக்குக் கிளிஃபர்ட் பிரவுனைக் காட்டுங்கள். டிரம்பெட் கலைஞர். கணக்கில் ஈடுபாடு, சதுரங்கத்தில் பைத்தியம், போதையின் பக்கமே போகாதவர். சுத்தமாக வாழ்ந்தும் நல்ல ஜாஸ் வாசிக்கலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்றதாக, அப்போதுதான் ஹெராயினிலிருந்து மீண்டிருந்த சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் சொல்லியிருக்கிறார். 1956 ஜூன் இறுதியில் ஒரு மழை இரவில், பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்து பிரவுன் இறந்தார். வயது 25. நல்லவர்களும் போய்விடுகிறார்கள். ஆகவே இதிலிருந்து மகனுக்கு ஒழுக்கப் பாடம் எதுவும் எடுக்காமல் இருப்பது நல்லது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். சேதி வந்தபோது சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன், டிஸ்ஸி கில்லஸ்பியின் குழுவில், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் இருந்தார். நண்பனுக்காக அவர் ஒரு மெட்டு எழுதினார்: 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்'. மறு வருடம் அதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் லீ மார்கன் என்ற ஃபிலடெல்ஃபியா பையன். கிளிஃபர்டிடமே கொஞ்சம் பாடம் கேட்டவன். பதிவின்போது வயது 18. வேகமாக ஊதிக் கைதட்டு வாங்கும் வயது. இதில் அவன் அடக்கி வாசிக்கிறான். லெஸ்டருக்கும் ஒரு பாட்டு உண்டு. அவர் எப்போதும் அணியும் தட்டையான தொப்பியை வைத்து 'குட்பை போர்க் பை ஹாட்' என்று பெயரிட்டு, அவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் சார்லஸ் மிங்கஸ் பதிவு செய்தார். இரண்டு சாக்ஸபோன்கள் சேர்ந்து மெட்டை எடுக்கும், அவசரமே இல்லாத ஒரு பாட்டு. (மிங்கஸ் 1979இல் இறந்தபோது அவர் சாம்பலை அவர் மனைவி கொண்டுவந்து கரைத்தது நம் கங்கையில்.)

தலைவன் இறந்தபின் செயலற்று நிற்கும் புலவன் பாடுவதற்கென்று நம்மவர்கள் ஒரு துறையே வைத்திருந்தார்கள்: கையறுநிலை. இவற்றை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஒப்பாரி என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. கோல்சனின் மெட்டில் கிளிஃபர்ட் டிரம்பெட்டில் வாக்கியம் அமைக்கும் விதம் இருக்கிறது. மிங்கஸின் பாட்டில் லெஸ்டரின் சோம்பல் இருக்கிறது. கூர்ந்து கேட்ட ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும். பில்லி முகத்தால் செய்ததை இவர்கள் வாத்தியத்தால் செய்தார்கள். நானோ நீங்களோ ஐந்தாறு முறை திருப்பிப் போடுகிறோம். நம்மால் முடிந்தது அது. நினைவுநாள் கட்டுரையும் அந்த வகைதான், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனத்தோடு.

அடுத்து 1937 ஜூன் பதிவுகளில் 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ' கேளுங்கள். இரண்டரை நிமிடம்தான். கடைசியில் பில்லி பாடத் திரும்பி வந்தபின், பின்னணியில் லெஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பிறகு அந்தத் தொலைக்காட்சிப் பதிவை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

ஹெட்போன் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஆறு வருடப் பழசு. வலது பக்கம் நினைத்தால் வேலை செய்யும். 1937 பதிவுகளெல்லாம் மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.